ஒரே நஞ்சு, ஆறு குப்பிகள்: முகச் சுருக்க ஊசிகளை எப்படி ஒப்பிடுவது?

முகத்தில் விழும் கோடுகளை மருத்துவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். புருவத்தை நெரிக்கும்போதும் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும்போதும் மட்டும் தோன்றி, முகம் அமைதியானதும் மறைந்துவிடுபவை அசைவுக் கோடுகள். தூக்கத்திலும் மாறாமல் நிற்பவை நிலைக்கோடுகள். பல ஆண்டுகள் பிரிக்காமல் பெட்டியில் கிடந்த பட்டுப்புடவையில் மடிப்பு அழியாமல் தங்கிவிடுவதைப் போல, முதல் வகையே காலப்போக்கில் இரண்டாம் வகையாக மாறுகிறது. தசையைத் தளர்த்தும் ஊசிகள் முதல் வகைக்கு உரியவை. இரண்டாம் வகையை அவை ஓரளவு மங்கச் செய்யலாமே தவிர, முற்றிலும் போக்கிவிடுவதில்லை. பள்ளத்தை நிரப்புவதற்காகத் தோலுக்குள் செலுத்தப்படும் ஃபில்லர் முற்றிலும் வேறான சிகிச்சை. விளம்பரப் பலகைகள் இரண்டையும் ஒரே வரியில் எழுதுவதால், இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

இந்த ஊசிகளில் இருப்பது, கெட்டுப்போன உணவில் வளரக்கூடிய கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் 'ஏ' வகை நச்சுப்புரதம். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் தூதுப்பொருள் வெளியேறித் தசையை அடைந்தால்தான் தசை சுருங்கும். அந்தத் தூதுப்பொருளைச் சுமக்கும் நுண்பைகள் நரம்பின் உறையோடு இணைவதற்கு ஸ்னாப்-25 என்ற புரதம் தேவைப்படுகிறது; நச்சு வெட்டுவது இந்தப் புரதத்தைத்தான். தசைக்கு எந்தச் சேதமும் இல்லை. அதற்குக் கட்டளை வருவது மட்டும் நின்றுபோகிறது. நரம்பு முனை சில மாதங்களில் தன்னைச் சீர்செய்துகொள்வதால், கோடுகளும் அதே வேகத்தில் திரும்பி வருகின்றன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கெட்ட இறைச்சிப் பண்டத்தால் மக்கள் முடங்கி இறந்ததை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவரும் கவிஞருமான யூஸ்டினஸ் கெர்னர், இந்த நஞ்சு மருந்தாகவும் பயன்படலாம் என்று அப்போதே ஊகித்தார். அந்த ஊகத்தை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெய்ப்பித்தவர் சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட்; மாறுகண்ணையும் இமைத் துடிப்பையும் சரிசெய்ய அவர் உருவாக்கிய மருந்துக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1989இல் ஒப்புதல் தந்தது. இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவ நடுவிலிருந்த கோடுகளும் மறைவதைக் கனடாவின் வான்கூவரில் கவனித்த கண் மருத்துவர் ஜீன் கேரதர்ஸும், அவருடைய கணவரான தோல் மருத்துவர் அலஸ்டேர் கேரதர்ஸும் 1992இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். அழகுச் சிகிச்சைக்கான முறையான அமெரிக்க ஒப்புதல் மேலும் பத்தாண்டுகள் கழித்து, 2002இல் கிடைத்தது.

அன்று போடாக்ஸ் என்ற ஒரே பெயர்தான் இருந்தது. 2009இல் டிஸ்போர்ட், 2011இல் ஸியோமின், 2019இல் ஜூவோ, 2022இல் டாக்ஸிஃபை, 2024இல் லெடிபோ என, பொட்டு வைக்கும் இடத்தின் இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் புருவநடுக் கோடுகளுக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றவை 2024ஆம் ஆண்டு முடிவில் ஆறாகிவிட்டன. இவற்றில் ஜூவோவும் லெடிபோவும் தென் கொரியாவில் தயாராகின்றன. ஆறிலும் வேலை செய்யும் மூலப்பொருள் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வேறுபாடுகளை அதைச் சுற்றியிருக்கும் மற்றவற்றில்தான் தேட வேண்டும்.

முதலில் குழப்புவது யூனிட் என்ற அளவு. போடாக்ஸில் 20 யூனிட், ஸியோமினில் 20, ஜூவோவில் 20, லெடிபோவில் 20, டாக்ஸிஃபையில் 40, டிஸ்போர்ட்டில் 50 என்று, அதே புருவ நடுவுக்கு வெவ்வேறு எண்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. இதைப் பார்க்கும் ஒருவர், 50 யூனிட் தருபவர் தாராளமாகத் தருகிறார் என்றோ, அந்த மருந்து கடுமையானது என்றோ நினைத்தால் வியப்பில்லை; ஆனால் இரண்டுமே தவறு. யூனிட் என்பது கிராம் போன்ற பொது எடை அல்ல. ஆய்வகச் சுண்டெலிகளில் பாதியைக் கொல்லும் அளவை ஒரு யூனிட் என்று வரையறுத்து, ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தச் சோதனை முறையில், தன் சொந்தக் கலவை நீர்மத்தில் அளந்து உருவாக்கிய அலகு அது. ஆகவே ஒரு மருந்தின் யூனிட்டை இன்னொன்றின் யூனிட்டாக மாற்றிக் கணக்கிடக் கூடாது என்று ஒவ்வொன்றுடனும் வரும் தகவல் சீட்டிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. யூனிட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று இரண்டு கிளினிக்குகளின் விலையை ஒப்பிடுவது, பெயர் வேறான மருந்துகளாக இருந்தால், படியையும் கிலோவையும் ஒப்பிடுவதற்குச் சமம். ஒரு முழு அமர்வுக்கு ஆகும் செலவையும், அது எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் கேட்பதே சரியான ஒப்பீடு.

போடாக்ஸின் 100 யூனிட் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது காலியாக இருப்பதாகவே தோன்றும். உள்ளிருக்கும் நச்சு சுமார் 5 நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்து பங்கு. அடியில் மெல்லிய படலமாகத் தெரிவது அதற்குத் துணையாகச் சேர்த்த மனித ஆல்புமின் புரதமும் உப்பும்தான். அதில் 2.5 மில்லிலிட்டர் சலைன் எனப்படும் உப்புக் கரைசலைச் சேர்த்தால், 0.1 மில்லிலிட்டருக்கு 4 யூனிட் என்ற வீதம் வரும்; புருவ நடுவில் ஐந்து இடங்களில் 0.1 மில்லிலிட்டர் வீதம் செலுத்தினால் 20 யூனிட் கணக்கு நேராகிறது. கரைசலை அளவுக்கு மீறி ஊற்றி நீர்க்கச் செய்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சில கிளினிக்குகளைப் பற்றி எழும் 'போட்டது போன மாதமே போய்விட்டது' என்ற புகாருக்கு மருந்தின் பெயரைவிட இந்தக் கலவைக் கணக்கே காரணமாக இருக்கக்கூடும்.

சேர்மானங்களில் உள்ள வேறுபாடு சிலருக்கு மிகவும் முக்கியமானது. டிஸ்போர்ட்டில் பால் சர்க்கரையான லாக்டோஸ் சேர்க்கப்படுவதால் பசும்பால் புரதத்தின் சுவடு இருக்கலாம். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது கூடாது. ஸியோமினில், பாக்டீரியா நச்சைச் சுற்றிப் போர்த்தும் துணைப்புரதங்கள் நீக்கப்பட்டுள்ளன. உடல் எதிர்ப்புப் பொருள் உருவாக்கி மருந்தைச் செயலிழக்கச் செய்யும் வாய்ப்பு இதனால் குறையும் என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். அழகுச் சிகிச்சைக்கு வேண்டிய சிறிய அளவுகளில் அத்தகைய எதிர்ப்பு எந்த மருந்திலும் அரிது என்பதால், அந்த வாதம் கேட்க நன்றாக இருக்கும் அளவுக்குப் பயனில் பெரிதல்ல. டாக்ஸிஃபையில் மனித ஆல்புமினே இல்லை. ஒரு செயற்கைப் பெப்டைடு அந்த இடத்தில் நின்று நச்சை நிலைப்படுத்துகிறது.

மற்றவை மூன்று முதல் நான்கு மாதம் தாங்கும்போது, டாக்ஸிஃபையின் மருத்துவச் சோதனைகளில் பலன் நீடித்த காலத்தின் நடுமதிப்பு 24 வாரம் என்று பதிவாகியுள்ளது. நடுமதிப்பு என்றால் பாதிப்பேருக்கு அதற்கு முன்பே பலன் குறைந்துவிட்டது என்று பொருள். 'ஆறு மாத உத்தரவாதம்' என்று அதை மொழிபெயர்ப்பது விற்பனைப் பேச்சு. நீண்ட நாள் தாங்குவதற்கு மறுபக்கமும் உண்டு: ஒரு புருவம் ஏறியும் ஒன்று இறங்கியும் போய்விட்டால், அதையும் கூடுதல் காலம் சுமக்க நேரிடலாம். டிஸ்போர்ட் சற்று விரைவாக, இரண்டு மூன்று நாளிலேயே வேலையைத் தொடங்கும் என்று சொல்லப்பட்டாலும், எல்லாவற்றிலும் முழுப் பலன் தெரிவது ஏறக்குறைய இரண்டு வாரத்தில்தான். அதற்குள் 'பற்றவில்லை' என்று மீண்டும் குத்திக்கொள்வது அவசரம்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குப்பி அல்ல, கை. புருவத்தைக் கீழே இழுக்கும் தசைகளும், மேலே தூக்கும் நெற்றித் தசையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தே முகத்துக்குப் பாவம் தருகின்றன. நெற்றித் தசையை மட்டும் அதிகமாகத் தளர்த்தினால் புருவம் தாழ்ந்து கண் சோர்ந்து தெரியும். மருந்து கண்குழிக்குள் இறங்கி மேலிமையைத் தூக்கும் தசையை எட்டினால் இமை தொங்கும். அது தானாகச் சரியாகும் என்றாலும் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பொதுவாக இதைத் தவிர்க்கும்படி சொல்லப்படுகிறார்கள். மையஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். ஊசி போட்ட இடத்தைத் தாண்டி நச்சு பரவினால் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் வரலாம் என்ற கட்டமிட்ட எச்சரிக்கை ஆறு மருந்துகளின் சீட்டிலும் உண்டு. உரிய அளவில், உரிமம் பெற்ற மருந்தில் அது மிக அரிது. போலிகளின் கதை வேறு. 2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மனிதப் பயன்பாட்டுக்கு உரிமமில்லாத நச்சை ஊசியாகப் போட்டதில் நால்வர் முடங்கி, செயற்கை சுவாசத்தில் கிடந்தனர். போட்ட மருத்துவரும் அந்த நால்வரில் ஒருவர். 2024 ஏப்ரலில் அந்நாட்டின் பல மாநிலங்களில் போலி போடாக்ஸ் பிடிபட்டபோது, சில பெட்டிகளில் அச்சிடப்பட்டிருந்த அளவு 150 யூனிட். அப்படியொரு குப்பியை அசல் போடாக்ஸின் நிறுவனம் தயாரிப்பதே இல்லை. ஆகவே ஊசிக்கு முகத்தை நீட்டுவதற்கு முன், மூடி திறக்காத குப்பியைக் காட்டச் சொல்லி, பெயரையும் யூனிட்டையும் காலாவதித் தேதியையும் படித்துப் பாருங்கள். காட்டத் தயங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.