கணிப்பொறி மொழிகள் பெயர் பெற்ற கதை

நாம் பேசும் தாய்மொழி நாம் தேர்ந்தெடுத்ததன்று, பெற்றோரிடமிருந்து வந்தது. கணிப்பொறிக்கு ஆணைகள் எழுதுவோரோ தமக்கு வேண்டிய மொழியைத் தாமே தேர்ந்துகொள்கின்றனர். அதைப் பற்றியும், அம்மொழிகளின் பெயர்களைப் பற்றியும் ஈண்டுக் காண்போம்.

மரத்தைப் பிளக்கக் கோடரியும் இழைக்க இழைப்புளியும் வேண்டும் அல்லவா? மொழிகளும் அவ்வாறே. 1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பாரின் குழு உருவாக்கிய ஃபோர்ட்ரான் அறிவியல் கணக்குகளுக்கு உரியது. வாய்பாட்டு மொழிபெயர்ப்பு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அப்பெயர். வாணிகக் கணக்குகளுக்கென 1959ஆம் ஆண்டில் வகுக்கத் தொடங்கப்பட்டது கோபால். நம் வகுப்புத் தோழர் ஒருவரின் பெயர்போல் ஒலிப்பினும், இதுவும் சுருக்கப் பெயரே!

சான்றோரை நினைவூட்டும் பெயர்களும் உள. 1642ஆம் ஆண்டளவில் கூட்டற்பொறி செய்யத் தொடங்கிய பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் பெயரை, நிக்லாஸ் வீர்த் என்னும் சுவிஸ் நாட்டுப் பேராசிரியர் தம் மொழிக்குச் சூட்டினார். பேபேஜின் கணிப்பொறித் திட்டம் பற்றி 1843ஆம் ஆண்டில் குறிப்புகள் வெளியிட்ட அடா லவ்லேஸ் அம்மையாரின் பெயரையும் ஒரு மொழி தாங்கி நிற்கிறது. 'பி' என்ற மொழிக்குப் பின் வந்தது 'சி'. இதனினும் எளிய பெயர் வேறு உண்டோ? பைதான் என்பது மலைப்பாம்பு அன்று. அதனைப் படைத்தவர் விரும்பிய நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயர்.

நம் பகுதியோடு தொடர்புடைய பெயர் ஒன்றும் உண்டு. ஜேம்ஸ் காஸ்லிங் தம் அலுவலகத்தின் வெளியே நின்ற மரத்தைக் கண்டு தம் மொழிக்கு 'ஓக்' எனப் பெயரிட்டார். அப்பெயரை வேறொரு நிறுவனம் முன்னரே பெற்றிருந்தமையால், 1995ஆம் ஆண்டில் அது 'ஜாவா' ஆயிற்று. காப்பிக்குப் பெயர்போன ஜாவாத் தீவு நமக்கு அண்மையில் உள்ளதே! மணிமேகலை கூறும் சாவகம் இதுவே என்பர் அறிஞர்.

எனினும், தேர்வு எப்போதும் நம் விருப்பப்படி அமைவதில்லை. முன்னோர் எழுதி வைத்த ஆணைகள் எம்மொழியில் உள்ளனவோ, பின்வருவோரும் அதனையே கற்க நேர்கிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அமெரிக்காவில் வேலையிழந்தோர் உதவித்தொகை கோரிப் பெருந்திரளாக விண்ணப்பித்தனர். நியூ ஜெர்சி மாநிலத்தில் அவ்விண்ணப்பங்களை ஏற்ற பழைய கணிப்பொறிகள் கோபால் மொழியில் இயங்கின. அவை திணறவே, கோபால் அறிந்தோர் முன்வந்து உதவுமாறு மாநில ஆளுநர் வேண்டுகோள் விடுத்தார். அம்மொழியை அறிந்திருந்தோரில் பலர் அதற்குள் பணி ஓய்வு பெற்றிருந்தனர்.