இருப்புப்பாதை ஓரத்து மாடியறை

வாழ்வில் பற்றிழந்த ஒருவன் மீண்டும் வாழத் துணிவது எவ்வாறு? இதனைக் காட்டப் புகுந்த இந்தியத் திரைப்படங்களுள், வங்க இயக்குநர் சத்யஜித் ராய் 1959-இல் அளித்த ‘அபூர் சன்சார்’ முதலிடம் பெறத்தக்கது என்பது நம் துணிபு. ‘அப்புவின் உலகம்’ எனத் தமிழில் கூறலாம். பிபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் நாவல்களைத் தழுவிய மூன்று படங்களுள் இது இறுதியானது. முன்னவை ‘பதேர் பாஞ்சாலி’ (1955), ‘அபராஜிதோ’ (1956) என்பன. பாட்டும் கூத்தும் நிறைந்த படங்களிலேயே பழகிய நம்மவர்க்குத் தொடக்கம் சற்று மெதுவாகத் தோன்றும். பொறுத்திருந்து காண்போர் ஏமாறமாட்டார்.

நகரி ஊருக்கு நிலையமாய் விளங்குவது அரக்கோணம் – ரேணிகுண்டா பாதையிலுள்ள ஏகாம்பரகுப்பம். அப்பாதையில் செல்லும் வண்டிகளின் கணக்கை எழுதியே பிழைக்கும் நமக்கு, இப்படங்கள் மூன்றிலும் புகைவண்டி வருவது கண்ணிற் படாமற் போகுமோ? முதற் படத்தில் சிறுவன் அப்பு தன் தமக்கையோடு நாணற் பூக்களினூடே ஓடி, வாழ்வில் முதன்முறையாக வண்டியைக் காண்கிறான். இரண்டாம் படத்தில் நோயுற்ற தாய், மகனை எதிர்நோக்கித் தொலைவில் செல்லும் வண்டியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறாள். மூன்றாம் படத்திலோ, கல்கத்தாவில் அப்பு குடியிருக்கும் மாடியறையின் கீழேயே இருப்புப்பாதை. ஊதலும் புகையும் ஓயாத இடம்.

கதை சிறியது. நண்பன் புலுவோடு ஒரு திருமணத்திற்குச் சென்ற அப்பு, மணமகன் சித்தம் பேதலித்தவன் எனத் தெரிந்து மணம் நின்றுவிடவே, நல்ல வேளை தவறினால் பெண்ணின் வாழ்வு கெடும் என்று பிறர் வேண்ட, தானே அவளை மணக்கிறான். செல்வர் வீட்டுப் பெண்ணாகிய அபர்ணா அந்த ஏழை அறைக்கு வந்து அதனை இல்லமாக்குகிறாள். அப்புவும் ஓர் அலுவலக எழுத்தனாகிறான். சௌமித்ர சட்டர்ஜி, ஷர்மிளா தாகூர் ஆகிய இருவர்க்கும் இதுவே முதற்படம் என்றால் நம்புதல் அரிது! பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு சென்றவள் எழுதிய கடிதத்தைப் பாதையோரமாகப் படித்துக்கொண்டே வீடு திரும்பும் அப்புவை, அவள் பேற்றில் இறந்தாள் என்ற செய்தி எதிர்கொள்கிறது. பிள்ளை மட்டும் பிழைத்தது.

பிறகு அவன் பாதையருகே நிற்கிறான். வண்டி நெருங்கும் ஓசை பெருகுகிறது. எந்த எண்ணத்தோடு நிற்கிறான் என்பதை எவரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. அப்போது ஒரு பன்றி வண்டியில் அடிபட்டு அலறுகிறது. அவன் திடுக்கிட்டு விழிக்கிறான். அவ்வளவே. தெய்வமும் தோன்றவில்லை, அறிஞரும் வந்து தடுக்கவில்லை. இரயில்வே ஊழியர் இக்காட்சியைக் கலைக்காட்சியாக மட்டும் காண இயலாது. பாதையில் நிகழும் இத்தகைய முடிவுகள் எங்கள் பதிவேடுகளில் ஒரு வரியாகவே இடம்பெறும். அவ்வொரு வரியாய் முடிந்திருக்கக் கூடியவன் அப்பு.

உயிர் தப்பியதனாலேயே வாழ்வில் விருப்பம் வந்துவிடவில்லை என்பதே இப்படத்தின் நேர்மை. தான் எழுதிய நாவலின் தாள்களை மலையுச்சியினின்று பறக்கவிடுகிறான். நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் வேலைக்கு அமர்கிறான். அபர்ணா இல்லாமற் போனதற்குக் காரணம் எனக் கருதி, மகன் காஜலை ஐந்தாண்டுக் காலம் கண்ணாலும் காணவில்லை. இவ்விடத்தில் நமக்கு அப்புவின் மீது இரக்கத்தினும் சினமே மிகுகிறது. துயருற்றவன் என்பதற்காகத் தாயில்லாப் பிள்ளையைத் தந்தையும் இல்லாததாக்குவது எந்த நியாயம்? பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம்மவருள்ளும், மாதந்தோறும் பணவிடை அனுப்பினால் கடமை முடிந்ததெனக் கருதும் தந்தையர் உண்டு. அவர்கள் இப்பகுதியை அவசியம் காணவேண்டும்.

ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘இகிரு’ (1952) என்னும் படத்திலும் அலுவலகத் தாள்களிடையே காலங்கழித்த ஒருவரே கதைத்தலைவர். புற்றுநோயால் சாவு உறுதியென அறிந்தபின் அவர் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா அமைக்க முனைகிறார். அவருக்கு நாள் குறைவு. அப்புவுக்கோ நாள் ஏராளம். அதுவே அவனுக்குப் பாரம்.

புலு தேடிவந்து எடுத்துரைத்தும் அப்பு இசையவில்லை. ஆயினும் இறுதியில் மகனிருக்கும் ஊருக்குச் செல்கிறான். அங்கே பாசம் பொங்கும் காட்சியை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். பிள்ளை அவனைத் தந்தையென ஏற்கவில்லை, கல்லெறிகிறான். கொண்டுவந்த பொம்மைப் புகைவண்டியையும் ஒதுக்கிவிடுகிறான். மூன்று படங்களிலும் ஓடிய வண்டி இங்கே விளையாட்டுப் பொருளாய்ச் சிறுத்துப் போனதை என்னென்பது! தந்தை என்ற உரிமையைக் கைவிட்டு, ‘நண்பன்’ என்று அவன் சொன்ன பிறகே பிள்ளை அருகே வருகிறான். விட்டுப் போய்விடமாட்டாயே என்று கேட்டுக்கொண்டே வருகிறான். இரவிசங்கரின் இசை ஒலிக்க, மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பு நடக்கிறான்.

1993-இல் இலண்டனில் நேர்ந்த தீவிபத்தில் இம்மூன்று படங்களின் மூலச்சுருள்களும் பெருஞ்சேதமுற்றன. ‘அபூர் சன்சார்’ மூலச்சுருளில் எஞ்சிய பகுதி பயன்படாத நிலையில் இருந்தமையால், வேறு படிகளைக் கொண்டு அதனைச் சீர்செய்து, 2015-இல் மூன்றையும் மீண்டும் திரையிட்டனர். காண விழைவோர் மூன்றையும் வரிசை தவறாமல் காண்பாராக. நாணற் காட்டு வண்டியைக் காணாமல் மாடியறைக்கு வருவோர்க்கு, கீழே கேட்கும் ஊதல் வெறும் இரைச்சலாகவே இருக்கும்.