மோட்டார் நின்றால் கோபப்படாதீர்கள்!



மேல்விஷாரத்தில் மோட்டார் என்றால் தோல் பதனிடும் பீப்பாய்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் மளிகைக்காரர்களாகிய நம்மிடமும் மாவு மில், பிரிட்ஜ், போர் பம்ப் என்று மோட்டார்கள் ஓடுகின்றன. அவற்றைக் காக்கும் சிறு சுவிட்ச் ஒன்றைப் பற்றி, நஷ்டப்பட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நோன்புக் கஞ்சிக்கு நொய்யும் மசாலாவும் அரைக்கும் நெருக்கடி நேரம். எங்கள் 5 குதிரைத்திறன் மோட்டார் அடிக்கடி நின்றது. வேலையாள் ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயின் அளவைக் கூட்டி வைத்தார். "சரி, ஓடட்டும்" என்றேன். மறுநாள் மூன்று பேஸில் ஒன்று போனது. சற்று நேரத்தில் கருகிய வாடை! காயில் கட்டுபவர் பார்த்துவிட்டு, "பாய், மோட்டார் எத்தனையோ தடவை சொல்லியிருக்கு, நீங்கதான் கேக்கல" என்றார். சீசன் வியாபாரம் போயிற்று.

இதன் சூட்சுமம் எளிது. சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரு உலோகங்களை ஒட்டிய தகடு, சூடேறினால் வளைந்து மின் இணைப்பைத் துண்டிக்கும். இஸ்திரிப் பெட்டியில் வேலை செய்வதும் இதுவே. 'டக்'கென்று புரளும் வட்டத் தகட்டை அமெரிக்கரான ஜான் ஸ்பென்சர் 1920களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

ஸ்டார்ட்டர் ரிலே, மோட்டார் இழுக்கும் கரண்டை வைத்துத்தான் சூட்டைக் கணிக்கிறது. மாவுத்தூசி படிந்து காற்று வழி அடைத்தால், கரண்ட் சரியாகவே இருக்கும். உள்ளே காயில் வேகும். காயிலுக்குள்ளேயே வைத்துக் கட்டும் சுவிட்ச்தான் அதை அறியும். காயில் கட்டக் கொடுக்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் காயில் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்தொழிலில் பழைய கணக்கு.

கவனிக்க வேண்டியவை:

1. ரிலேயை, மோட்டார் தகட்டில் அச்சிட்ட ஆம்பியருக்கு ஏற்ப எலக்ட்ரீஷியனைக் கொண்டு வையுங்கள்.

2. மில்லுக்குத் தானாக மீண்டும் ஓடும் சுவிட்ச் வேண்டாம். கை உள்ளே இருக்கும்போது ஓடினால் விபத்து.

3. கரண்ட் போய் வந்தால், பிரிட்ஜை 5 நிமிடம் கழித்துப் போடுங்கள்.

4. நின்ற சுவிட்சை ஒயர் போட்டு இணைக்காதீர்கள். தூசி, பெல்ட், பேரிங், மூன்று பேஸ் ஆகியவற்றைப் பாருங்கள்.

கடன் பாக்கியை நினைவூட்டும் கணக்குப்பிள்ளை மீது கோபப்பட்டு யாராவது கணக்கைக் கிழிப்போமா? இந்தச் சுவிட்சும் நமக்கு அப்படிப்பட்ட கணக்குப்பிள்ளைதான்.