சாவி மாமியாரிடம், நகை யாருடையது?

கல்யாணத்துக்குப் போட்ட நகைகள் மாமியார் வீட்டு பீரோவில் இருக்கின்றன. மருமகள் பிரிந்துபோய்த் திருப்பிக் கேட்டால் தர மறுக்கிறார்கள். பூட்டை உடைத்து யாரும் எடுக்கவில்லை, அவளே கழற்றிக் கொடுத்ததுதான். பிறகு எப்படி இது குற்றமாகும்?

பொருள் யார் கையில் இருக்கிறது, பொருள் யாருக்குச் சொந்தம் என்ற இரண்டையும் சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறது. நம்பி ஒப்படைத்ததை அபகரித்தால் அது நம்பிக்கை மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆனால் புகுந்த வீட்டுப் படியேறியதுமே பெண்ணின் நகை கூட்டுச் சொத்தாகிவிடும் என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு காலத்தில் சொல்லியிருந்தது. 1985-இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஸ்திரீதனம், அதாவது பெண்ணுக்கென்று கொடுக்கப்பட்ட நகையும் பொருளும், அவளுக்கே சொந்தம், கணவன் வெறும் காவல்காரன்.

இதைவிட வியப்பானது காலக்கணக்கு. ஸ்திரீதனத்தைத் தராமல் வைத்திருப்பது ஒருநாளில் முடிந்துபோகும் குற்றமல்ல, தொடரும் குற்றம் என்றது 2015-இல் வந்த இன்னொரு தீர்ப்பு. பிரிந்து பல ஆண்டு ஆகிவிட்டதே என்று சாக்குச் சொல்லி எளிதில் தப்ப முடியாது.

சிறைக்கு அனுப்புவதைவிட நகை கைக்கு வருவதுதான் முக்கியம் என்பவர்களுக்கு, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமே நல்ல வழி என்பேன். நகையைத் திருப்பித் தர மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதுவரை லாக்கரைத் திறக்கவும் தடை போடலாம். சிவில் வழக்கும் உண்டு. பாட்டியின் அட்டிகைக்குப் பணம் ஈடாகாது என்று நிறுவினால் அதே அட்டிகையைக் கேட்டுப் பெற முடியும்.

சிக்கல் சாட்சியத்தில்தான். ஐம்பது ரூபாய் மொய்க்கும் ஊர், பெயர் எழுதும் நாம், நகைக்குப் பட்டியல் போடுவதில்லை. மணப்பெண்ணுக்கு வந்த பரிசுகளைக் கொடுத்தவர் பெயர், உறவு, மதிப்போடு எழுதி மணமக்கள் கையெழுத்திட வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அது இல்லாவிட்டால் நகைக்கடை பில், கல்யாண ஆல்பம், லாக்கர் பதிவு ஆகியவை கைகொடுக்கும். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் அங்கே இலவச உதவி உண்டு.