மின்சைக்கிள் நெடுநாள் உழைக்க வேண்டுமா?



இன்று நம் வீவக கட்டடங்களின் கீழ்த்தளத்தில் எத்தனை மின்சைக்கிள்கள் நிற்கின்றன! உணவு விநியோகம் செய்பவருக்கு அது பிழைப்பு. காலையில் வேலைக்குப் போகும் தந்தைக்கு அது பேருந்துக் கட்டணம் மிச்சம். ஆனால், வாங்கும்போது விலையைக் கேட்கும் நாம், அது எத்தனை ஆண்டு உழைக்கும், உழைக்க வைக்க நாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறோமா?

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். நானும் மின்சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவன்தான். வாங்கிய புதிதில் ஒருமுறை மின்னேற்றம் செய்தால் மதியம், இரவு இரண்டு வேளை வேலையும் முடிந்துவிடும். ஓராண்டு கழிந்ததும் மாலை ஆறு மணிக்கே பேட்டரி இறங்கத் தொடங்கியது. "பேட்டரி செத்துவிட்டது" என்று நானே முடிவு கட்டிவிட்டேன். புதிய பேட்டரியின் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. அப்போது நண்பர் ஒருவர், முத்திரை எதுவும் இல்லாத பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார். நானும் பணத்தைத் தயார் செய்துவிட்டேன். என் மனைவிதான், "முதலில் கடையில் காட்டுங்கள். பெயர் தெரியாத பேட்டரியைப் பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்" என்று தடுத்தார்.

பழுதுபார்க்கும் கடையில் இருந்த பெரியவர் பேட்டரியைத் தொடவே இல்லை. பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினார். இரண்டு சுற்றிலேயே நின்றுவிட்டது. "தம்பி, பிரேக் கட்டை வட்டை உரசுது. டயரில் பாதிக் காற்றுதான் இருக்கு. செயினில் எண்ணெயே இல்லை. பேட்டரி என்ன பாவம் செய்தது?" என்றார். முப்பத்தைந்து வெள்ளியில் வேலை முடிந்தது. அடுத்த வாரமே இரண்டு வேளை வேலையும் மீண்டும் ஒரே மின்னேற்றத்தில் முடிந்தது.

அன்று நான் கற்ற பாடம் இதுதான். மின்சைக்கிள் முதலில் ஒரு சைக்கிள், பிறகுதான் மின்சாரம். சிங்கப்பூரில் அனுமதிக்கப்பட்ட மின்சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்கு மேற்போகக் கூடாது. 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவியை நிறுத்திவிட வேண்டும். இவ்வளவு சிறிய மோட்டார், உரசும் பிரேக்கையும் காற்றில்லாத டயரையும் சேர்த்து இழுத்தால் பேட்டரி சீக்கிரம் தீரத்தானே செய்யும்?

ஆகவே, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடியுங்கள். சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்து மெலிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். மழையில் ஓட்டிய பிறகு செயினைத் துடைத்து எண்ணெய் இடுங்கள். மோட்டார் பின் சக்கரத்தில் இருந்தால் அதன் கம்பிகளைக் கவனியுங்கள். எடையும் இழுவிசையும் அங்கேதான் சேர்கின்றன. தளர்ந்த கம்பி ஒருநாள் நடுவழியில் அறுந்துவிடும். பீய்ச்சியடிக்கும் நீரால் கழுவாதீர்கள். நீர் மின் இணைப்புகளுக்குள் புகுந்தால் துரு ஏறும். மோட்டார் விட்டுவிட்டு ஓடும்.

இனி பேட்டரிக்கு வருவோம். வழக்கமான 36 வோல்ட் பேட்டரியில் பத்து அடுக்கு லித்தியம் செல்கள் தொடராக இருக்கும். முழு மின்னேற்றத்தில் அது 42 வோல்ட் காட்டும். சில நூறு முறை மின்னேற்றியபின் அதன் கொள்ளளவு மெல்லக் குறையும், அது இயற்கை. தினமும் மின்னேற்றுபவர் இரண்டு, மூன்று ஆண்டில் அதை உணர்வார். பத்து அடுக்கில் ஒன்று நலிந்தாலும் பாதுகாப்புச் சுற்று மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிடும். மேம்பாலம் ஏறும்போது வண்டி திடீரென்று அணைந்து, சமதரையில் மீண்டும் உயிர் பெறுவது அதற்கு ஓர் அறிகுறி.

பேட்டரியின் பெரும் பகை வெப்பம். வெயிலில் ஓட்டி வந்தவுடன் மின்னேற்றாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். நெடுநாள் ஊருக்குப் போவதானால், முழுதாக நிரப்பியோ முற்றாகக் காலியாகவோ வைக்காமல் பாதி அளவில் வையுங்கள். வண்டியுடன் வந்த மின்னேற்றியையே பயன்படுத்துங்கள். இரவில் மின்னேற்றத்தில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வாசலை அடைத்து வைக்காதீர்கள். தீப்பிடித்தால் தப்பிக்க அந்த ஒரு வழிதான் உண்டு. வீங்கிய, கீழே விழுந்து நசுங்கிய, விநோத வாடை வீசும் பேட்டரியை அதற்குமேல் ஒரு நாளும் பயன்படுத்தாதீர்கள்.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. 2021 ஜூன் மாதம் உட்லண்ட்ஸில் ஒரு வீவக கட்டடத்தின் மின்தூக்கிக்குள் தனிநபர் நடமாட்டச் சாதனம் ஒன்று தீப்பற்றியதில் 20 வயது இளையர் ஒருவர் உயிரிழந்தார். மின்தூக்கிக்குள் ஓட இடமேது? அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம், பாதி விலை பேட்டரிக்கு நான் எண்ணி வைத்திருந்த பணம் என் நினைவுக்கு வருகிறது.

பேட்டரி உண்மையிலேயே மூப்படைந்ததா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. டயரில் சரியான காற்று அடித்து, வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு மின்னேற்றத்துக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறது என்று மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். எண் மெல்ல மெல்லக் குறைந்தால் அது பேட்டரியின் வயது. திடீரென்று குறைந்தால் முதலில் பிரேக்கையும் டயரையும் பாருங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அந்த வண்டிக்கென்றே தயாரிக்கப்பட்டதை முறையான கடையில் வாங்குங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. வாரத்தில் பத்து நிமிடம் போதும். வண்டியும் உழைக்கும், வருமானமும் நிற்காது, வீட்டில் உள்ளோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். இன்று மாலையே சக்கரத்தைத் தூக்கி ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.