மார்கழியில் ஒரு முழம் மல்லிகை

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட மூன்று வாரங்களில் மதுரைக் கடைவீதிகளில் நெருக்குண்ணாமல் நடப்பது அரிது. விளக்குத்தூண் தொடங்கி மாசி வீதிகள் வரை மக்கள் வெள்ளம். காகித நட்சத்திரங்கள் தொங்கிய கடையில் சில நாள்களில் மஞ்சள் கொத்து வந்துவிடும். மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பு கட்டுக்கட்டாக வந்திறங்கும். இவற்றையெல்லாம் நாம் பேரம் பேசி வாங்கிவிடுகிறோம். பேரத்துக்கு மசியாத பொருள் ஒன்று உண்டு. அதைக் காண அதிகாலையில் மாட்டுத்தாவணி மலர்ச்சந்தைக்குச் செல்ல வேண்டும்.

உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பூ மூட்டைகள் வருகின்றன. செவ்வந்தியும் சம்பங்கியும் குவியல் குவியலாகக் கிடக்க, மல்லிகை மட்டும் சிறு பைகளில் வருகிறது. அதைச் சுற்றித்தான் கூட்டம். காலையில் கேட்ட விலை சற்று நேரத்தில் மாறிவிடுகிறது. கிலோ 2000, 3000 ரூபாயைத் தாண்டிய நாள்கள் அண்மை ஆண்டுகளில் பல.

“பூ விளைவிப்பவருக்கு இப்போது நல்ல காலம்” என்று நம் இல்லத்தரசியர் பெருமூச்செறிவதுண்டு. அது சரியன்று. மார்கழியில் இந்துக்கள் திருமணம் வைப்பதில்லை. நம் குடும்பங்களிலும் திருவருகைக் காலத்தில் மணவிழாக்களைத் தவிர்ப்பதே வழக்கம். ஆகவே விலையேற்றத்துக்கு விழாக் கூட்டம் மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. செடியில் பூ இல்லை என்பதே முதற் காரணம்.

மதுரை மல்லிகைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்து மணலில் வேர்பிடித்த நாற்றுகளே இங்குள்ள தோட்டங்கள் பலவற்றிற்கு வந்து சேர்கின்றன. வெயில்தான் இச்செடிக்கு உயிர். பங்குனியிலிருந்து புரட்டாசி வரை பூத்துக் குலுங்கும். பனி விழத் தொடங்கியதும் மொட்டு சிறுத்து, அரும்பு குறைந்துவிடும். அன்றியும், நவம்பர் இறுதியில் கவாத்து செய்து செடிக்கு ஓய்வு தருவதே முறை. அந்த முறைப்படி நடக்கும் விவசாயிக்குப் பொங்கல் சந்தையில் விற்க ஏதுமிராது. விலை பத்து மடங்காகும்போது பை பத்தில் ஒன்றாகிவிட்டால் இலாபம் எங்கே? எடைக்குக் கூலி பெற்று மொட்டுப் பறிக்கும் பெண்களின் வருவாயோ இன்னும் சுருங்குகிறது. மருந்துக்கும் உரத்துக்கும் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் கழியும்.

அடுத்த சுமை, நம் தெருமுனையில் பூக்கட்டும் அம்மாவின் தலையில். கடன் வாங்கியேனும் இந்த விலைக்குப் பூ வாங்கி வந்து, நாரில் தொடுத்து, முழம் போட்டு விற்க வேண்டும். மாலையில் இதழ் விரிந்தபின் மல்லிகையைத் தேக்கி வைக்க இயலாது. மறுநாள் அது குப்பை. வாசம் குறைந்த காக்கடாவைக் கலந்து கட்டுவது அவர் செய்யும் தந்திரமென்று சிலர் சினந்துகொள்கிறார்கள். இக்காலத்தில் அவருக்கு வேறு வழியில்லை என்றே நாம் கருதுகிறோம். முழத்தைச் சற்றுக் குட்டையாக அளப்பதும் இதே கணக்கில்தான் வருகிறது; துணிக்கடையில் எழுதிய விலையை வாய்திறவாமல் கொடுத்து வந்த நாம், இந்த ஒரு சாண் பூவுக்காக அவரிடம் வழக்காடுகிறோம்.

பீடத்தையும் குடிலையும் அலங்கரிக்க இந்நாள்களில் சம்பங்கியும் செவ்வந்தியும் போதும். பனியிலும் வாடாமல் இரண்டு நாள் நிற்கும். மல்லிகையைச் சித்திரையில் வாங்கலாம். அப்போது விவசாயியின் மூட்டை நிரம்பியிருக்கும். விலையோ சில நூறு ரூபாய்க்கு இறங்கியிருக்கும். சந்தையில் மிஞ்சியதை வாசனைத் தைலத் தொழிற்சாலைகள், அவர்கள் சொல்லும் விலைக்கு, எடுத்துக்கொண்டு போகும்.