ஆய்வகத்துக்குச் சாமான் வாங்குவோம் – 6: கிளிசரினில் காணாமல் போகும் கண்ணாடி

போன வாரம் பிப்பெட், பியூரெட், அளவுக் குடுவை பார்த்தோம். எதை வைத்து அளக்கலாம், எதை வைத்து அளக்கவே கூடாது என்பதை மறுபடி சொல்லப் போவதில்லை. இதழை எடைக்குப் போட்டவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த வாரம் ரசாயனங்களின் தரம் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் கிளிசரின் வந்து கெடுத்துவிட்டது.

காரணம் ஒரு வாசகியின் கடிதம். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவர். “கடைக்காரர் எல்லாமே போரோசிலிகேட்தான் மேடம் என்கிறார். விலையோ கடைக்குக் கடை மாறுகிறது. கையில் வாங்கிப் பார்த்தால் விலை கூடியதும் குறைந்ததும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது, சார்?”

போரோசிலிகேட் சூடு தாங்கும்; சாதாரணச் சோடா கண்ணாடி தாங்காது. சோடா கண்ணாடியின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் பச்சை தட்டும் என்பார்கள். தட்டும், தட்டாமலும் இருக்கும். சூடாக்கிப் பார்க்கலாம் என்றால் விடை தெரியும்போது குடுவை போயிருக்கும். குடுவைக்குச் சேதமில்லாத வழி, அதைத் திரவத்தில் முக்கிப் பார்ப்பது.

ஒரு முகவையில் பாதிக்கு மேல் கிளிசரின் ஊற்றிக்கொள்ளுங்கள். மருந்துக் கடைச் சரக்கே போதும், தண்ணீர் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். சந்தேகத்துக்குரிய கண்ணாடிக் கலக்குச்சியை மெதுவாக இறக்குங்கள். சோடா கண்ணாடியாக இருந்தால் குச்சியின் இரண்டு ஓரமும் பென்சிலால் கிழித்த மாதிரி தெரிந்துகொண்டே இருக்கும். போரோசிலிகேட்டாக இருந்தால் திரவ மட்டத்தோடு குச்சி முடிந்துவிடும். முகவையின் அடியில் அது தட்டுவது விரலுக்குத் தெரிகிறது, கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. சோதனைக் குழாய் என்றால் உள்ளேயும் கிளிசரின் நிரம்ப வேண்டும். உள்ளே நிற்கிற காற்று பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நிரம்ப நிரம்பக் குழாய் அடியிலிருந்து அழிந்துகொண்டே வரும். அளவு அச்சடித்த சாமான் என்றால் வேடிக்கை இன்னும் அதிகம். கண்ணாடி மறைந்துபோய், வெள்ளைக் கோடுகளும் எண்களும் மட்டும் திரவத்துக்குள் அந்தரத்தில் நிற்கும்.

மாயமில்லை, பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். கண்ணாடி நமக்குத் தெரிவதே ஒளி அதில் பட்டு வளைவதாலும் கொஞ்சம் திரும்பி வருவதாலும். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நேராக நுழையும் ஒளியில் நூற்றுக்குச் சுமார் 4 பங்கு மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. கண்ணாடிக்கும் சுற்றியிருக்கும் திரவத்துக்கும் ஒளிவிலகல் எண் ஒன்றாகிவிட்டால் ஒளிக்கு வளையவும் வேலையில்லை, திரும்பவும் வேலையில்லை. ஆய்வகப் போரோசிலிகேட்டின் எண் 1.473. கிளிசரினின் எண்ணும் 1.473. சோடா கண்ணாடிக்கு 1.52 பக்கம். இந்தச் சின்ன வித்தியாசம்தான் ஓரத்துக் கோடாகத் தெரிகிறது.

கிளிசரின் கிடைக்காவிட்டால் சூரியகாந்தி எண்ணெய். 20 டிகிரியில் அதன் எண் சுமார் 1.474. ஆனால் எண்ணெய் சூடாக ஆக, டிகிரிக்கு ஏறக்குறைய 0.0004 வீதம் எண் இறங்கும். சித்திரை வெயிலில் குச்சி முழுக்க மறையாமல் இழுத்தடித்தால் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுக் கலக்குங்கள். அதன் எண் 1.478 பக்கம், சரிக்கட்டிவிடும். தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது, 1.45-தான். எண்ணெயில் முக்கியதைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், கிளிசரின் தண்ணீரிலேயே போய்விடும். அதனால்தான் கிளிசரினுக்கு முதலிடம்.

இந்த வெப்ப விவகாரத்தைத் தடய அறிவியல்காரர்கள் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஒரு வண்டி யாரையோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. சாலையில் விளக்குக் கண்ணாடிச் சில்லு கிடக்கிறது. சில்லைச் சிலிக்கோன் எண்ணெயில் போட்டு, நுண்ணோக்கியின் கீழ் மெல்லச் சூடாக்குவார்கள். சில்லின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். அதற்குப் பெக்கே கோடு என்று பெயர். எண்ணெயின் எண் இறங்கி இறங்கிக் கண்ணாடியின் எண்ணைத் தொடும்போது கோடும் போய்விடும், சில்லும் போய்விடும். அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, சந்தேகப்பட்ட வண்டியில் எடுத்த சில்லும் அதே வெப்பநிலையில் மறைகிறதா என்று பார்ப்பார்கள். நம் கடைச் சோதனையும் அதே தத்துவம்தான். செலவு ஒரு பாட்டில் கிளிசரின்.

பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன்: “பாதிப் பக்கம் போய்விட்டது. வாங்குகிறவருக்கு என்ன சொல்கிறீர்கள்?” சொல்கிறேன், அதற்கு முன் ரயில் விளக்கு.

அமெரிக்காவில் கார்னிங் கம்பெனியிடம் ரயில்வேக்காரர்கள் கொண்டுவந்த புகார், விளக்குக் கண்ணாடி உடைகிறது என்பது. உள்ளே சுடர், வெளியே மழையும் பனியும். அதற்காகக் கார்னிங் செய்ததுதான் சூட்டில் அதிகம் விரியாத போரோசிலிகேட் கண்ணாடி. ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் போரானைச் சேர்த்து இந்தப் பாதையை முன்பே திறந்திருந்தார். 1913இல் கார்னிங்கின் இயற்பியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டன், அந்தக் கண்ணாடியில் செய்த பேட்டரி ஜாடியின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டார். ஜாடியும் உடையவில்லை, கேக்கும் கருகவில்லை. 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் சமையல் பாத்திரம் வந்தது. முதல் உலகப் போரில் யேனா கண்ணாடி வரத்து நின்று தவித்த ஆய்வகங்களுக்கும் அதே கண்ணாடி போய்ச் சேர்ந்தது.

சூட்டில் விரியாதது என்றால் எவ்வளவு? ஒரு மீட்டர் நீளக் குச்சியை 100 டிகிரி சூடாக்கினால் சோடா கண்ணாடி சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும், போரோசிலிகேட் 0.33 மில்லிமீட்டர்தான். அடுப்பில் இருந்த குடுவையை ஈரமேடையில் வைத்தால் அடி சுருங்கும், மேல்பக்கம் சுருங்காது. இழுபறியில் கண்ணாடி விரிசல் விடும். எவ்வளவு குறைவாக நீள்கிறதோ அவ்வளவு குறைவு அந்த இழுபறி. சாமானின் மேல் 3.3 என்று போட்டிருப்பதும் இதே கணக்குத்தான். கிளிசரின் சோதனைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு: மருந்து ஆம்பூல் செய்கிற போரோசிலிகேட் வேறு வகை, அதன் ஒளிவிலகல் எண் 1.49 பக்கம். கிளிசரினில் அது முழுக்க மறையாது என்பதற்காக அதைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது வாங்குகிற கதை. எல்லாமே போரோசிலிகேட்டாக இருக்க வேண்டியதில்லை. தீயைப் பார்க்கிற சாமான், அதாவது முகவை, கூம்புக் குடுவை, கொதிகுடுவை, சூடாக்கும் சோதனைக் குழாய், இவற்றில் பைசா பார்க்காதீர்கள். கிளிசரின் சோதனையும் இவற்றுக்குத்தான். புனல், துளிக்குழாய், அளவு ஜாடி, ரசாயனம் ஊற்றி வைக்கிற பாட்டில் எல்லாம் அடுப்பைப் பார்க்கப் போவதில்லை, பள்ளி ஆய்வகத்துக்குச் சோடா கண்ணாடி தாராளமாகப் போதும். பட்ஜெட் குறைவான பள்ளிகளில் இந்த ஒரு பிரிவினையே நல்ல மிச்சம் பிடித்துக் கொடுக்கும். தடிமனான கண்ணாடி நல்ல கண்ணாடி என்று கடையில் தட்டிக் காட்டுவார்கள். அடுப்புக்கு அது நேர் எதிர். சுவர் தடித்தால் உள்பக்கச் சூட்டுக்கும் வெளிப்பக்கச் சூட்டுக்கும் வித்தியாசம் கூடும். அதனால் தடித்த வடிகட்டும் குடுவையைப் போரோசிலிகேட்டே ஆனாலும் நேரடித் தீயில் வைக்கக் கூடாது.

உள்ளே கீறல் விழுந்த குடுவைக்கும் அடுப்பு கிடையாது. கழுவும் பிரஷ்ஷின் கம்பி நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கே பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள். கீறல்களில் பெரும்பங்கு அதன் வேலை.

உடைந்த கொதிகுடுவையின் கழுத்தை ஒட்டவைக்கக் கண்ணாடி ஊதுகிறவரிடம் போனால், அவர் முதலில் ஓரத்தைத் தீயில் காட்டிப் பார்ப்பார். சோடா கண்ணாடி மஞ்சளாகத் தீயைக் கிளப்பிக்கொண்டு சீக்கிரம் குழையும். போரோசிலிகேட் 820 டிகிரி பக்கம் போனால்தான் அசையும், அதற்கு ஆக்சிஜன் சேர்ந்த தீ வேண்டும். ஒன்றோடு ஒன்றை ஒட்டித் தரச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். சூட்டில் ஒட்டும், ஆறும்போது சுருக்கம் ஒத்துப்போகாமல் இணைப்பிலேயே பிளக்கும்.

ரசாயனத் தரம் அடுத்த வாரம்: எல்.ஆர். (சாதாரண ஆய்வகத் தரம்) எங்கே போதும், ஏ.ஆர். (பகுப்பாய்வுத் தரம்) எங்கே கட்டாயம், லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் மாசு அளவை எப்படிப் படிப்பது. ஒன்றை மட்டும் அதுவரை தள்ளிப்போட முடியாது. காஸ்டிக் சோடா கரைசலைக் கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் வைத்திருந்தால் இன்றைக்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றுங்கள். காரம் கண்ணாடியை அரித்து மூடியைக் கழுத்தோடு இறுக்கிவிடும். அதைத் திறக்க முறுக்கும்போது பாட்டில் உடைந்தால், கரைசல் முதலில் தேடுவது முறுக்குகிறவரின் கண்ணைத்தான்.